நெல்லிமரத்தூர் ரயில்பாதை

பெண் பார்க்கப் போன அன்று எனக்கும் ரேணுகாதேவிக்கும் மாடியில் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் ஆரணியில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். அவள் அரசாங்கத்தின் பாலப் பிரிவில் அப்போதுதான் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தாள். என்ன பேசுவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"ரயில்ல போனா எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"எடம் கெடைக்கிற பக்கம்," என்றேன்.

"தப்பு. வண்டி போற திசையப் பாத்து உக்காரணும். அப்பதான் பாலம் வர்றது முன்னாடியே தெரியும்."

மீதி நான்கு நிமிடமும் பாலத்தின் மேல் போகும்போது ரயிலின் சத்தம் ஏன் மாறுகிறது என்று விளக்கினாள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அதுவரை யாரும் என்னிடம் எதைப் பற்றியும் அவ்வளவு ஆசையாகப் பேசியதில்லை. கீழே வந்து சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் பிறந்தது படவேடு பக்கம். அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம். கண்ணமங்கலத்துக்குப் படிக்க வந்தவள், பள்ளி விட்டதும் நேராக ஸ்டேஷனுக்குப் போய் சாயங்கால வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம். ரயில்வேயில் இன்ஜினியராக வேண்டும் என்று பரீட்சை எழுதினாள். இரண்டு முறையும் மதிப்பெண் போதவில்லை. மேலே ரயில் போனால் என்ன, பஸ் போனால் என்ன, கீழே ஓடுவது ஆறுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாநில அரசு வேலையில் சேர்ந்துவிட்டாள்.

முப்பத்திநான்கு வருடத்தில் சின்னதும் பெரியதுமாக இருபத்தாறு பாலம் கட்டினாள். ஒன்றின் மேலும் ரயில் போகவில்லை. அந்தக் குறையை லீவு நாட்களில் தீர்த்துக்கொண்டாள். தமிழ்நாட்டில் அவள் போகாத ரயில்பாதை கிடையாது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனோம். மலை ரயிலில் ஏறி உச்சியில் போய் இறங்கியதும், "இதே வண்டியில திரும்பிப் போயிடலாமாங்க?" என்றாள். ஊட்டியை நான் பார்த்தது பத்து வருடம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளோடு. எங்கள் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். அவள் விமானத்தில் வந்து இறங்கினால் ரேணுகா இரண்டு நாள் அவளோடு பேச மாட்டாள்.

ரேணுகாவின் கடைசி வேலை ஜவ்வாது மலையில் அமைந்தது. நெல்லிமரத்தூர் என்று ஒரு ஊர். அறுபது வீடு இருக்கும். சாமையும் தினையும் விதைப்பார்கள், புளி எடுப்பார்கள். ஊருக்கும் பஸ் வரும் சாலைக்கும் நடுவே ஒரு கானாறு. வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீர். மழைக் காலத்தில் பாறையை உருட்டிக்கொண்டு வரும். ஏற்கெனவே போட்டிருந்த இரண்டு தரைப்பாலங்களையும் அது கொண்டுபோய்விட்டது. அனுமதி ஆகியிருந்ததோ மூன்றாவதாக இன்னொரு தரைப்பாலம்.

"இதையும் தண்ணிக்குத்தான் குடுக்கப் போறேன்," என்று வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு விழுப்புரம் வண்டியில் ஏறினாள். மனசு சரியில்லை என்றால் அவளுக்கு அதுதான் மருந்து.

விழுப்புரம் நெருங்கும்போது வண்டி மெதுவானது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. அதன் மதிலுக்குப் பின்னால் துரு ஏறிய நீள நீளமான இரும்பு உத்தரங்கள்.

"மீட்டர் கேஜ் கர்டருங்க! நாப்பதடி!" என்று கத்தினாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தோம். அகலப்பாதை போட்டபோது பழைய ரயில் பாலங்களிலிருந்து கழற்றிய கர்டர்கள் அவை. இன்னும் யாரும் வெட்டி உருக்கவில்லை. ரேணுகா கைப்பையிலிருந்து சின்ன சுத்தியலை எடுத்தாள். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பையில் அது இருக்கும். இரும்புத் தகடுகளைப் பிணைத்திருந்த ஆணிகளை, ஒவ்வொரு ரிவெட்டாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். நல்ல ரிவெட் 'டங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்னும். சாயங்காலம் வரை தட்டி இரண்டு கர்டர்களைப் பொறுக்கிச் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். கிடங்குக்காரர் எங்களுக்கு நாலு தடவை மோர் கொடுத்தார்.

தரைப்பாலத்துக்குப் பதில் இந்தக் கர்டர்களை வைத்து உயரமான பாலம் கட்ட அனுமதி கேட்டு, பிறகு ஐந்து மாதம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தாள். ஒரு பொறியியல் கல்லூரியில் இரும்பைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரிய அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டாராம்.

"ஏம்மா, மே மாசம் ரிட்டயர் ஆகப் போறீங்க. இப்பப் போயி இந்த வம்பெல்லாம் தேவையா?"

"சார், அம்பது டன் இன்ஜினைத் தாங்குன இரும்பு இது. மினி பஸ் எல்லாம் இதுக்கு ஒரு கோழிக்குஞ்சு."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் முடிவதற்குள் கானாற்றின் இரு கரையிலும் தாங்குசுவர் எழும்பிவிட்டது. மே எட்டாம் தேதி கர்டர்கள் மலையேறின. லாரி ஓட்டியவர் பூபாலன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கிப் பார்த்து, பின்னால் எடுத்து முன்னால் விட்டு, விடியற்காலை கிளம்பியவர் மத்தியானம் நெல்லிமரத்தூர் விலக்கில் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் ரேணுகாவோடு அங்கேதான் இருந்தேன். ஒரு வருடம் முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு வேறு என்ன வேலை?

பூபாலன் சாலையோரம் கர்டர்களை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், இதுக்கு மேல என் வண்டி போவாதுங்க."

அது எங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கிருந்து கானாற்றுக்கு முந்நூற்று இருபது மீட்டர். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை. அங்கே வந்து தூக்கிக் கொடுப்பதாகச் சொன்ன கிரேன்காரர் மறுநாள் வந்தார். மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

"எறக்குனா சக்கரம் பொதைஞ்சுடும். அப்பறம் என் கிரேனைத் தூக்க இன்னொரு கிரேன் வேணும்," என்று சொல்லிவிட்டு மலையிறங்கிவிட்டார்.

ஒவ்வொரு கர்டரும் நாலு டன். மே மாதம் முடிய இருபத்திரண்டு நாள். அதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதையில் மாடுகூட நடக்காது. ரேணுகா கர்டரின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாதம்மாள் வந்தாள். அந்த ஊரின் வார்டு மெம்பர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொல்லையில் நின்று குரல் கொடுத்தால் அடுத்த கரட்டில் மேயும் ஆடு திரும்பிப் பார்க்கும். கர்டரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தாள்.

"இன்னா மேடம், ரயிலே வராத ஊருக்கு ரயிலு பாலமா?"

ரேணுகா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். விழுப்புரம் வண்டியில் எழுந்து நின்ற அதே முகம்.

"மாதம்மா, நீங்க ரயில்ல போயிருக்கீங்களா?"

"ஒரு தபா ஜோலார்பேட்டையில பாத்தேன். ஏறுனதில்ல."

"உங்க ஊருக்கு ரயில் வந்தா இன்னா?"

மாதம்மாள் என்னைப் பார்த்தாள், மேடத்துக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா என்பதுபோல. நான் தோளைக் குலுக்கினேன்.

விழுப்புரம் கிடங்கில் கர்டர்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது. ஏதோ சர்க்கரை ஆலைக்குள் கரும்பு இழுக்கப் போட்டிருந்த குட்டித் தண்டவாளம். ஐந்து மீட்டர் நீளத் துண்டுகள், இரும்புக் கட்டைகளோடு சேர்த்தே பிணைத்தவை, ஏணி மாதிரி. பூபாலன் மறுபடி போய் பன்னிரண்டு துண்டுகளையும் சக்கரம் வைத்த இரண்டு தள்ளுவண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டை ஒரு லோடு.

"அறுவது மீட்டருதானே வருது," என்றாள் மாதம்மாள். "மீதிக்கு?"

"வண்டி முன்னால போவப் போவ, பின்னால இருக்கிற துண்டைக் கழட்டி முன்னால போடணும்."

"பாயைச் சுருட்டிச் சுருட்டி விரிக்கிற மாதிரியா?"

"அதேதான்!" என்று ரேணுகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நாற்பது பேர் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். ஒரு துண்டுக்கு எட்டுப் பேர். முதலில் ஒருவர் தூக்கினால் இன்னொருவர் கீழே விட்டார், ஒரே கூச்சல். அங்கேதான் என் பிழைப்பு உதவியது. வரிசையாக நிற்க வைத்து, விசிலை எடுத்து, குனி, பிடி, தூக்கு, நட என்று பழக்கினேன். மத்தியானத்துக்குள் அணிவகுப்பு மாதிரி ஆகிவிட்டது. மாதம்மாளை ரேணுகா அந்த ரயிலுக்குக் கார்டாக நியமித்தாள். பழைய புடவையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி கிழித்துக் கொடுத்தாள். என் விசிலும் கைமாறிப் போனது. ஒரு ஊதல் என்றால் போகலாம், இரண்டு என்றால் நில்.

அறுபது மீட்டர் பாதையும் கொல்லை நடுவே நேராகக் கிடந்தது. ரேணுகா மட்டப்பலகை வைத்துப் பார்த்து, குனிந்து குனிந்து கல் செருகி, பிறகு எழுந்து நின்றாள்.

"கர்டரை ஏத்தறதுக்கு முன்னால ஆளை ஏத்தி ஓட்டிப் பாக்கணும்," என்றாள். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாதம்மாள்தான் முதலில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே பத்துப் பேர் ஏறினார்கள். விசில். நாலு பேர் தள்ளினார்கள். சக்கரம் கிறீச்சிட்டு, பிறகு கடகடவென்று ஓடியது. வண்டியில் இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் ஊரில் மீதி இருந்தவர்களும் ஓடிவந்துவிட்டார்கள். அதற்கப்புறம் வேலை எங்கே நடந்தது? முறை வைத்துப் போனார்கள். சின்னக்குழந்தை என்று ஒரு பெரியவர், எழுபது வயது, மூன்று முறை போய்வந்தும் இறங்க மறுத்துவிட்டார்.

"எறங்குங்கய்யா, மத்தவங்க ஏற வேணாமா?" என்றாள் மாதம்மாள்.

"நான் எறங்கற ஊரு இன்னும் வரலியே," என்றார் அவர்.

ரேணுகா ஓரமாக நின்று, தன் வாழ்க்கையில் தான் போட்ட முதல் ரயில்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் போனேன்.

"ஜாயிண்ட்டுல சத்தம் கேட்டீங்களா?" என்றாள். "டக்டக், டக்டக்னு. ரயில் சத்தமேதாங்க."

ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியதில் முதல் கர்டர் இரண்டு தள்ளுவண்டிகளின் மேல் ஏறியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆமை நடை. அறுபது மீட்டர் போனதும் நிறுத்தி, பின்னால் உள்ள துண்டுகளைக் கழற்றி, தூக்கி ஓடி முன்னால் போட்டு, மறுபடி விசில். இரண்டாம் நாள் மத்தியானம் கானாற்றங்கரைச் சரிவின் தலைப்புக்கு வந்துவிட்டோம். இன்னும் நாற்பது மீட்டர், இறக்கம். கர்டரின் பின்பக்கம் தடிமனான கயிறு கட்டி, மேலே இருந்த புளியமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பதினைந்து பேர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள்.

பாதி இறக்கத்தில் மழை வந்தது. தூறலாகக்கூட ஆரம்பிக்கவில்லை, ஒரே கொட்டு. தண்டவாளம் நனைந்து பிரேக் கட்டை போட்ட சக்கரமே சறுக்கியது, கயிறும் நனைந்தது. ஈரப் பட்டையில் கயிறு வழுக்க ஆரம்பித்தது. கர்டர் ஒரு முழம் இறங்கியது. இன்னொரு முழம். பிறகு தானாகவே நடக்கத் தொடங்கியது. கீழே துண்டு பொருத்திக்கொண்டிருந்தவர்களை ரேணுகா ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"இன்னொரு சுத்து போடுங்க! மரத்துல இன்னொரு சுத்து!" என்று கீழேயிருந்து அலறினாள்.

இரண்டு ஊதல் கேட்டது. மாதம்மாள் கொடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, கயிற்றின் வாலைப் பிடுங்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினாள். ஒரு சுற்று. சேற்றில் விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே எழுந்து இன்னொரு சுற்று. கயிறு முறுக்கி இறுகியது. மரம் ஒரு முறை முனகியது. கர்டர் நின்றது. பாதை முடிய ஒன்றரை மீட்டர் இருந்தது.

மழைச் சத்தம் மட்டும்தான். அப்போது சின்னக்குழந்தை, தலையில் கோணியோடு, நிதானமாகக் கேட்டார்.

"ஸ்டேஷன் வந்துடுச்சா?"

முதலில் மாதம்மாள் சிரித்தாள், சேற்றில் உட்கார்ந்தபடியே. பிறகு கயிறு பிடித்திருந்தவர்கள். பிறகு எல்லோரும். சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்துப் பூட்டும் வரை சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வேலை போதும் என்று நிறுத்திவிட்டாள். மாதம்மாள் வீட்டில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"என் தப்பு மாதம்மா. மழையில தண்டவாளம் வழுக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்ஜின்ல மணல் பெட்டி எதுக்கு வெச்சிருக்கான்? சக்கரத்துக்கு முன்னால மணலைத் தூவிக்கிட்டே போறதுக்குத்தான். முப்பத்திநாலு வருஷமா பாத்துட்டு, மணலை மறந்துட்டேன். யாருக்காவது ஒண்ணு ஆகியிருந்தா?"

"ஆவலியே," என்றாள் மாதம்மாள். சூடான களியும் கீரைக் குழம்பும் தட்டில் வைத்து நீட்டினாள். "மணலு தானே? கானாறு பூரா கீது. நாளைக்கு அள்ளிக்கலாம். முதல்ல துன்னுங்க."

மறுநாள் பத்துக் கூடை மணல் வந்தது. தண்டவாளத்தின் மேல் கோலப்பொடி தூவுவதுபோல இரண்டு பெண்கள் தூவிக்கொண்டே போனார்கள். கயிறும் இரண்டானது. மீதிச் சரிவு முழுக்க கர்டர் பூனை மாதிரி இறங்கியது.

ஆற்றின் நடுவில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒரு தற்காலிகத் தூண் எழுப்பியிருந்தோம். அதன் மேல் உருளை வைத்து, கர்டரை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். மூக்கு நடுத் தூணைத் தொட்டது, தாண்டியது, எதிர்க் கரையின் சுவரில் போய் உட்கார்ந்தது. எதிர்க் கரையில் நின்றிருந்தவர்கள் அதைக் கையால் தடவிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் ஓடிப்போய் மஞ்சள் கொண்டுவந்து பூசினாள். இரண்டாவது கர்டர் மே இருபத்தெட்டாம் தேதி அதன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அப்போதும் மழை பெய்தது. யாரும் பயப்படவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி ஆபீசில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். மேலே கான்கிரீட் தளம் போட்டு, வண்டிப்பாதையைச் சாலையாக்கும் வேலையை ரேணுகாவுக்குப் பின் வந்த இளம் இன்ஜினியர் முடித்தார். நல்ல பையன். தினமும் சந்தேகம் கேட்டு போன் பண்ணுவார். சில நாள் அவர் பண்ணாவிட்டால் இவள் பண்ணுவாள். ஆகஸ்டில் மினி பஸ் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போனது. அக்டோபரில் கானாறு பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது, பாலத்துக்குக் கீழே போனது.

இதற்கு நடுவில் மாதம்மாளிடமிருந்து ஒரு போன் வந்தது.

"அக்கா, பாலம் ஆயிடுச்சு, சரி. அந்த ரயிலை மட்டும் எடுத்துட்டுப் போவாதீங்க."

தண்டவாளத் துண்டுகள் கிடங்குக்கே திரும்பிப் போக வேண்டியவை. ஊர் மகளிர் குழு கூடிப் பேசி, கிடங்குக்காரரிடம் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். எதற்கு என்று ரேணுகா கேட்டதற்கு, வந்து பாருங்க என்றுதான் பதில்.

இந்தப் பிப்ரவரியில் போனோம். புளி உலுக்கும் காலம். பாலத்து முனையில் மினி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ரேணுகா அப்படியே நின்றுவிட்டாள். ஊர்ப் புளியந்தோப்பிலிருந்து பாலம் வரை, பன்னிரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பாதை போட்டிருந்தார்கள். கீழே கல் பரப்பி, மட்டம் பார்த்து, ஒழுங்காக. தோப்புப் பக்கமிருந்து தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது. மேலே பன்னிரண்டு மூட்டை புளி. இரண்டே பெண்கள் பேசிக்கொண்டே தள்ளினார்கள். முன்னால் மாதம்மாள், கழுத்தில் என் விசிலோடு.

ரேணுகா பாதை ஓரமாகக் குனிந்துகொண்டே நடந்தாள். இணைப்புகளைத் தட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் கல்லைச் சரி செய்தாள்.

"யாரு போட்டது இது?"

"நாங்கதான். நீங்க போட்டப்ப பாத்துக்கினுதானே இருந்தோம்," என்றாள் மாதம்மாள். "ஆனா ஒரு சிக்கல், அக்கா. மேல்கொல்லை வரைக்கும் நீட்டணும்ங்கிறாங்க. இன்னும் பத்துத் துண்டு வாங்கப் போறோம். நேரா போவ முடியாது. நடுவுல பாறை கீது. வளைக்கணும். வளைக்கிறது எப்பிடின்னு தெரியல."

"வளைவா?" என்றாள் ரேணுகா.

வளைவில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஒரு வளைவையும் அவள் போட்டதில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கயிறு கேட்டாள். பத்து முளைக்குச்சி கேட்டாள். பாறையைச் சுற்றி ஒரு நடை போய்வந்து, மண்ணில் மண்டியிட்டு முதல் குச்சியை அடித்தாள். கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அங்க போயி நில்லுங்க. இன்னும் அந்தாண்ட. ஆடாம நில்லுங்க," என்றாள்.

நின்றேன். ஊர்ப் பெண்கள் புளி மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டாவது குச்சி, மூன்றாவது குச்சி. நான்காவதைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி அடித்தாள். மண்ணில் மெல்ல ஒரு வளைவு தெரிய ஆரம்பித்தது. பாலத்து முனையிலிருந்து மினி பஸ் ஹாரன் அடித்தது, அதுதான் கடைசி வண்டி. ரேணுகா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

மாதம்மாள் எழுந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு டிரைவருக்குக் குரல் கொடுத்தாள்.

"நீ போண்ணே! எங்க இன்ஜினியரு நாளைக்கு வருவாங்க!"